ஜான் ஹென்றியைக் கொன்றது இயந்திரமன்று

அமெரிக்க நாட்டார் கதைமாந்தர்களில் ஜான் ஹென்றியைப் போலப் பாட்டிலும் ஓவியத்திலும் மேடையிலும் சிறுவர் நூலிலும் இடைவிடாமல் வாழ்ந்துவருபவர்கள் மிகச் சிலரே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மலையைக் குடைந்து ரயில் பாதை அமைக்கும் பணியில் சம்மட்டி வீசிய கறுப்பினத் தொழிலாளி அவர். பாறையைத் துளைக்க நீராவித் துளைப்பான் கொண்டுவரப்பட்டபோது அதனோடு போட்டியிட்டு, அதைவிட ஆழமாகத் துளையிட்டு வென்று, வென்ற இடத்திலேயே உயிர் விட்டார் என்பது கதை. இக்கதைக்கு இன்று பொதுவாகக் கற்பிக்கப்படும் பொருள் ஒன்றே: மனிதனுக்கும் இயந்திரத்துக்கும் நடந்த போரில் மனிதன் காட்டிய கடைசி வீரம் அது, வீரம் போற்றத்தக்கது என்றாலும் முடிவு முன்பே உறுதியாகிவிட்டது, இயந்திரத்தை எதிர்த்து நிற்பவர் வென்றாலும் தோற்றவரே. தொழிற்சாலைக்குள் தானியங்கிக் கருவி நுழைந்தாலும், கணினி சதுரங்கத்தில் மனிதனை வென்றாலும், எழுதவும் வரையவும் மென்பொருள் வந்தாலும் இந்தப் பொருளில்தான் அவர் பெயர் எடுத்தாளப்படுகிறது.

இந்த வாசிப்பு மனத்தில் எளிதாகப் பதிகிறது. ஆனால் கதைப்பாடல் சொல்லும் நிகழ்ச்சி, அது பிறந்த வேலைத்தளத்தின் வரலாறு, அதைப் பாடிய தொழிலாளர்கள் அதற்குத் தந்த பயன் ஆகிய மூன்றில் எதனோடும் அது பொருந்தவில்லை. ஒரு மனிதனின் உடல் யாருடைய கணக்கில், எந்த நிபந்தனையின்கீழ், எவ்வளவு மலிவாகச் செலவழிக்கப்படலாம் என்பதே ஜான் ஹென்றியின் கதை எழுப்பும் கேள்வி. அக்கேள்விக்கு இன்னும் விடை கிடைக்காததால்தான் அவர் செல்வாக்கு ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகளாகக் குறையாமல் இருக்கிறது. இயந்திரத்தின் மேல் மனிதர்களுக்கு இருப்பதாகச் சொல்லப்படும் அச்சம் அதற்குக் காரணமன்று.

மறுக்கப்படும் கருத்துக்கு முதலில் நியாயம் செய்ய வேண்டும். போட்டி என்பது பிற்காலத்தார் புகுத்திய கற்பனையன்று. பதிவாகியுள்ள பெரும்பாலான பாட வேறுபாடுகளில், அதாவது ஒரே பாடல் வாய்மொழியாகப் பரவும்போது இடத்துக்கு இடம் மாறிவரும் வடிவங்களில், போட்டியே கதையின் உச்சமாக நிற்கிறது. எனினும் அந்தப் போட்டியில் வென்றவர் ஜான் ஹென்றி என்பதைப் பொதுவாசிப்பு ஒரு சொல்லில் கடந்துபோகிறது. இயந்திரம் வெல்லும் என்பதே கதையின் நீதியாக இருந்திருந்தால், அதைப் பாடியவர்கள் இயந்திரத்தைத் தோற்கவிட்டிருக்க மாட்டார்கள். மேலும், பாடலில் ஜான் ஹென்றி சவால்விட்டுப் பேசுவது இயந்திரத்திடம் அல்ல. 'கேப்டன்' என்று பாடல் அழைக்கும் மேற்பார்வையாளரிடம். வேலையின் அளவைத் தீர்மானிப்பவரும் போட்டியின் பயனை அடைபவரும் அவரே. கதையில் எதிரெதிரே நிற்கும் இரண்டு மனிதர்களில் ஒருவரை அகற்றிவிட்டு அவர் நின்ற இடத்தில் இரும்பை நிறுத்திய பிறகே 'மனிதனும் இயந்திரமும்' என்ற தலைப்பு சாத்தியமாகிறது.

பல வடிவங்களில் இடம்பெறும் இன்னொரு செய்தி இதைவிட அழுத்தமானது. ஜான் ஹென்றி நோயுற்றுப் படுக்கும்போது, சில வடிவங்களில் பாலி ஆன் என்றும் வேறு சிலவற்றில் ஜூலி ஆன் என்றும் பெயர்பெறும் அவர் துணைவி, அதே சம்மட்டியை எடுத்து ஆண்களுக்கு ஈடாக உளியை அடிக்கிறார். இயந்திரம் வந்ததால் கைவேலையின் காலம் முடிந்தது என்பதே கதையின் கருத்தானால் இந்தப் பெண்ணுக்கு அதில் இடமே இல்லை. அவர் அங்கே இருப்பதற்குக் காரணம், பாடியவர்கள் அறிந்த உலகில் ஒருவர் விழுந்தபின்னும் வேலை நின்றதில்லை, விழுந்தவரின் வீட்டிலிருந்தே அடுத்த உடல் வந்தது என்பதுதான்.

அந்த வேலை எத்தகையது என்பதை அறியாமல் கதையை மதிப்பிட முடியாது. பாறையில் வெடிமருந்து வைப்பதற்கு முதலில் அதில் ஆழமான துளையிட வேண்டும். நம்முடைய கல்குவாரிகளில் தமர் அடிப்பது என்று இதைச் சொல்வார்கள். சுரங்கத்தின் முகப்பில் ஒருவர் நீண்ட எஃகு உளியைப் பாறைமேல் பொருத்திப் பிடித்திருப்பார்; அவருக்கு ஷேக்கர் என்று பெயர். சம்மட்டிக்காரர் முழு வீச்சில் உளியின் தலையில் அடிப்பார். ஒவ்வோர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடைப்பட்ட கணத்தில் ஷேக்கர் உளியைச் சற்றே திருப்பி, துளையில் சேர்ந்த கல்தூள் விலகும்படி அசைத்துக்கொடுக்க வேண்டும். அடி ஓர் அங்குலம் தவறினால் ஷேக்கரின் கையோ மண்டையோ நொறுங்கிவிடும். எண்ணெய் விளக்கின் புகையிலும் முந்தைய வெடியின் நெடியிலும் இருவரும் ஒரே தாளத்தில் இயங்குவதற்குப் பாட்டு தேவைப்பட்டது. பொழுதுபோக்குக்கு வெளியே, உயிர்காக்கும் ஏற்பாடாகவே பாட்டு அங்கே புழங்கியது.

கதை நிகழ்ந்த இடமாக நீண்ட காலமாகச் சொல்லப்பட்டுவருவது மேற்கு வர்ஜீனியாவில் டால்காட் என்ற ஊரை ஒட்டிய பிக் பென்ட் சுரங்கம். காலிஸ் ஹண்டிங்டன் என்ற முதலாளியின் கைக்கு வந்த செசபீக் அண்ட் ஒகையோ ரயில் நிறுவனம், ஒரு மைலுக்கும் அதிகமான நீளமுள்ள அச்சுரங்கத்தை 1870க்கும் 1872க்கும் இடையில் வெட்டியது. கை ஜான்சன் 1929இலும் லூயிஸ் சாப்பெல் 1933இலும் வெளியிட்ட முதல் முழுநீள ஆய்வுகள் இந்த இடத்தையே மையமாகக் கொண்டன. ஆனால் அங்கே நீராவித் துளைப்பான் பயன்பட்டதற்கு உறுதியான ஆவணச் சான்று கிடைக்கவில்லை. வரலாற்றாசிரியர் ஸ்காட் ரெனால்ட்ஸ் நெல்சன் 2006இல் வெளியிட்ட நூலில், அதே ரயில் பாதையில் வர்ஜீனியாவுக்குள் அமைந்த லூயிஸ் சுரங்கத்தைச் சுட்டினார்; அங்கே நீராவித் துளைப்பான்களும் கைச்சம்மட்டிகளும் அருகருகே வேலை செய்ததை அவர் ஆவணங்களில் கண்டார். சம்மட்டி வீசியவர்கள் ரிச்மண்ட் நகரிலுள்ள வர்ஜீனியா மாநிலச் சிறையிலிருந்து நிறுவனத்துக்கு வாடகைக்கு விடப்பட்ட கைதிகள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர்.

கைதி வாடகை முறை என்பது, அரசு தன் சிறையிலுள்ள கைதிகளைத் தனியார் நிறுவனத்துக்குக் கொடுத்துப் பணம் பெறும் ஏற்பாடு. அடிமை முறையை ஒழித்த 1865ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் அரசியல் சட்டத் திருத்தம், குற்றத்துக்குத் தண்டனையாக விதிக்கப்படும் கட்டாய உழைப்பை மட்டும் விலக்காக விட்டுவைத்திருந்தது. தென்மாநிலங்கள் அந்த விலக்கின் வழியாகவே விடுதலை பெற்ற மக்களை மீண்டும் சங்கிலிக்குள் கொண்டுவந்தன. 1871இல் வர்ஜீனியாவின் உச்ச நீதிமன்றம் வழங்கிய ரஃபின் வழக்குத் தீர்ப்பு இதை ஒளிவுமறைவின்றிச் சொன்னது. வழக்கில் சிக்கியவர் இதே செசபீக் அண்ட் ஒகையோ பாதையில் வேலைக்கு விடப்பட்டு, அங்கே காவலாளி ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட கைதி. தண்டனைக் காலம் முடியும்வரை கைதி அரசின் அடிமையே என்று நீதிமன்றம் அறிவித்தது. ஜான் ஹென்றியின் கதை எந்தச் சட்டச் சூழலில் முளைத்தது என்பதற்கு இதைவிட நேரான சான்று வேண்டியதில்லை.

நெல்சன் சுட்டும் மனிதர் ஜான் வில்லியம் ஹென்றி என்ற பெயருடையவர். நியூ ஜெர்சியிலிருந்து வந்தவர். கடையொன்றில் புகுந்து திருடியதாக இளம் வயதிலேயே பத்தாண்டுத் தண்டனை பெற்றவர். சிறைப் பதிவேடு அவர் உயரத்தை ஐந்தடி ஓரங்குலத்தை ஒட்டிக் குறித்துவைத்திருக்கிறது. டால்காட்டில் 1972இல் நிறுவப்பட்ட சிலையோ அகன்ற மார்பும் முறுக்கேறிய தோளும் கொண்ட ஓங்கிய உருவம். சிலையைப் பார்ப்பவருக்கு இயற்கைக்கு மேற்பட்ட ஆற்றல் தெரிகிறது. பதிவேட்டைப் பார்ப்பவருக்கு, வளர்ந்து முடியாத ஓர் உடலின்மேல் ஏற்றப்பட்ட சுமை தெரிகிறது. கைதி திரும்பி வராவிட்டால் நிறுவனம் 100 டாலர் கட்ட வேண்டும் என்பது ஒப்பந்த நிபந்தனை என்றும், அதனால் இறந்தவர்களின் உடல்களும் சிறைக்கே கொண்டுவரப்பட்டன என்றும் நெல்சன் விளக்குகிறார். 1990களின் தொடக்கத்தில் அந்தச் சிறை வளாகம் இடிக்கப்பட்டபோது மண்ணுக்கடியில் சுமார் 300 பேரின் எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

இந்த அடையாளத்தை எல்லா அறிஞர்களும் ஏற்கவில்லை. ஜான் கார்ஸ்ட் என்பவர் கதையின் களம் அலபாமாவில் 1880களில் வெட்டப்பட்ட ரயில் சுரங்கங்களே என்று வாதிட்டார். பிக் பென்டையே இன்றும் நம்புவோர் பலர். அங்கே வேலை செய்தவர்களில் கூலி பெற்ற சுதந்திரத் தொழிலாளர்களும் இருந்தனர். ஆனால் இந்த மறுப்புக் கட்டுரையின் வாதம் எந்த ஒரு மனிதரின் அடையாளத்தையும் நம்பி நிற்கவில்லை. மூன்று களங்களும் அடிமை ஒழிப்புக்குப் பிந்தைய தென்பகுதியின் சுரங்க முகப்புகளே. மூன்றிலும் கறுப்பினத் தொழிலாளியின் உயிர் ரயில் நிறுவனத்தின் செலவுக் கணக்கில் மிக மலிவான இனமாகவே இருந்தது. அந்தக் கால நீராவித் துளைப்பான் விலை மிகுந்தது, அடிக்கடி பழுதாவது, பழுதுபார்க்கக் கைத்திறன் வாய்ந்தவர்களைக் கேட்பது; கைதியோ உடைந்தால் மாற்றத்தக்கவன். எனவே இயந்திரத்துடன் உண்மையில் போட்டியிட்டது மனித மாண்பு என்று சொல்வது வரலாற்றைத் தலைகீழாக்குவதாகும். கட்டாய உழைப்பின் மலிவுதான் இயந்திரத்தோடு போட்டியிட்டது. பல இடங்களில் அந்த மலிவே வென்றது.

சாவுக்கான காரணத்தையும் இந்த வெளிச்சத்திலேயே பார்க்க வேண்டும். கதைப்பாடல் அளவுக்கு மீறிய உழைப்பைச் சொல்கிறது. நெல்சன், மணற்பாறையின் தூசியைச் சுவாசித்ததால் வந்த நுரையீரல் நோயைச் சொல்கிறார். சிலிகோசிஸ் எனப்படும் அந்நோயில், பாறையிலுள்ள சிலிக்காவின் நுண்துகள்கள் நுரையீரலில் படிந்து, அத்திசுவைத் தழும்பாக்கி, மூச்சுவிடும் ஆற்றலைச் சிறிது சிறிதாகப் பறித்துவிடும். இரண்டில் எதை ஏற்றாலும் கொன்றது வேலையின் நிபந்தனையே. இயந்திரம் வென்று மனிதன் விலகிக்கொண்டால் துயரம் தீரும் என்று நம்புவோருக்கு, செசபீக் அண்ட் ஒகையோ பாதை ஊடுருவிச் செல்லும் அதே நியூ ஆற்றுப் பள்ளத்தாக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மறுமொழி தந்தது. ஆற்று நீரை மலைக்குள் திருப்பி மின்சாரம் எடுப்பதற்காக 1930இல் தொடங்கப்பட்ட ஹாக்ஸ் நெஸ்ட் சுரங்கத்தில் சம்மட்டிகள் இல்லை. இயந்திரத் துளைப்பான்களே பாறையைக் குடைந்தன. தண்ணீர் பாய்ச்சித் துளையிட்டால் தூசி அடங்கும் என்பது அப்போதே தெரிந்திருந்தும் உலர்நிலையிலேயே துளையிட்டார்கள். தொழிலாளர்களுக்கு முகமூடி தரப்படவில்லை. தென்மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பினத்தவரே அங்கும் பெரும்பான்மை. 1936இல் அமெரிக்க நாடாளுமன்றத் துணைக்குழு இதை விசாரித்தது. மார்ட்டின் செர்னியாக் என்ற மருத்துவர் 1986இல் வெளியிட்ட ஆய்வு, இறந்தோர் தொகையை 764 என மதிப்பிட்டது. ஜான் ஹென்றியின் கையிலிருந்த சம்மட்டி போய் இயந்திரம் வந்துவிட்டது. ஜான் ஹென்றிகள் இறப்பது மட்டும் நிற்கவில்லை.

இவ்வளவையும் வரலாற்றாசிரியர்கள் தோண்டியெடுக்கும் முன்பே பாடியவர்கள் அறிந்திருந்தார்கள் என்பதற்குப் பாடல்களே சான்று. ஜான் ஹென்றியைப் பற்றிய பாடல்கள் இரு வகையின. ஒன்று, பிறப்பு முதல் இறப்புவரை கதையை வரிசையாகச் சொல்லும் கதைப்பாடல். மற்றொன்று, வேலை செய்துகொண்டே ஒவ்வொரு வீச்சுக்கும் மூச்சுவிட இடம்தந்து பாடப்படும் சம்மட்டிப் பாட்டு. புத்தகங்களுக்கும் பள்ளிகளுக்கும் போனது முதல் வகை. வேலைத்தளத்தில் புழங்கிய இரண்டாம் வகையில் போட்டி பெரும்பாலும் இடம்பெறுவதே இல்லை. அங்கே ஜான் ஹென்றி இந்தச் சம்மட்டியால் செத்தவர், பாடுபவரோ தாம் அவ்வாறு சாகப்போவதில்லை என்று உறுதிகொள்பவர். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928இல் பதிவு செய்த பாடலில் தொழிலாளி சம்மட்டியைக் கேப்டனிடம் கொடுத்தனுப்பிவிட்டு வேலைத்தளத்தை விட்டே வெளியேறுகிறார். வேகத்தை மேற்பார்வையாளரின் கட்டளைக்கு விடாமல் பாட்டின் தாளத்துக்கு ஒப்புக்கொடுப்பதும், ஜான் ஹென்றியின் சாவை ஒவ்வொரு நாளும் நினைவூட்டிக்கொள்வதும், முடிந்தபோது விலகிப்போவதும் உயிர்தப்பும் வழிகள். பொதுவாசிப்பு இவர்களின் எச்சரிக்கையை எடுத்து வீரவணக்கமாக மாற்றிவிட்டது.

அந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதையும் காட்டலாம். ரோர்க் பிராட்ஃபோர்டு என்ற வெள்ளையின எழுத்தாளர் 1931இல் எழுதிய நாவல், ஜான் ஹென்றியைச் சுரங்கத்திலிருந்து வெளியேற்றி மிசிசிப்பி ஆற்றங்கரையில் பருத்திப்பொதி ஏற்றுபவராக்கியது. போட்டி நீராவிச் சுமைதூக்கியோடு நடக்கிறது. இந்நாவலின் மேடை வடிவில் 1940இல் புகழ்பெற்ற நடிகர் பால் ராப்சன் நடித்தும் அது சில நாட்களிலேயே நின்றுபோனது. பாறையும் தூசியும் கைதிகளும் இல்லாமல், இயந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கதையைச் சொல்லிவிட முடியும் என்ற துணிவு இங்கே தெளிவாகத் தெரிகிறது. பின்னர் வந்த சிறுவர் நூல்கள் பல அவரைப் பிறவி வலிமையின் வடிவமாக்கின. 1996இல் அமெரிக்க அஞ்சல் துறை அவரைப் பால் பன்யன், பெக்கோஸ் பில் முதலியோருடன் ஒரே வரிசையில் அஞ்சல்தலையாக வெளியிட்டது. பால் பன்யன் மரம் வெட்டும் நகைச்சுவைக் கற்பனை. பெக்கோஸ் பில் இதழ்களில் உருவான மாட்டிடையன். உண்மையான சாவுகளிலிருந்து பிறந்த ஒருவரை அவர்களோடு நிறுத்துவது, அச்சாவுகளை வேடிக்கைக் கதையின் அளவுக்குச் சுருக்குவதாகும்.

மறுபக்கத்தில், கறுப்பினக் கலைஞர்கள் கதையின் பரப்பைச் சுருங்கவிடவில்லை. பால்மர் ஹேடன் 1940களின் நடுப்பகுதியில் வரைந்த பன்னிரண்டு ஓவியங்களில் போட்டி ஒரு பகுதிதான். குழந்தைப் பருவம், வேலை தேடிய அலைச்சல், துணைவி ஆகியவற்றுக்கும் அதே அக்கறையோடு இடம் தரப்பட்டிருக்கிறது. கோல்சன் வைட்ஹெட் 2001இல் எழுதிய நாவல், அஞ்சல்தலை வெளியீட்டு விழாவையே களமாகக் கொண்டு, ஒரு தொழிலாளியின் சாவு எப்படி விற்பனைப் பொருளாகிறது என்பதை ஆராய்கிறது. ஜான் ஹென்றியின் பண்பாட்டுச் செல்வாக்கு என்று பேசுவோர் அஞ்சல்தலையை எண்ணிக்கொண்டு இவற்றை விட்டுவிடுவது நேர்மையான கணக்காகாது.

பொதுவாசிப்பின் இன்னொரு முகம், ஜான் ஹென்றியை உழைப்பின் இலக்கணமாகப் போற்றுவது. எவ்வளவு தடை வந்தாலும் கூடுதலாக உழைத்தால் வெல்லலாம் என்ற அறிவுரைக்கு அவரைச் சாட்சியாக்குவது. இதற்கான மறுப்பு மருத்துவத் துறையிலிருந்தே வந்தது. 1980களின் தொடக்கத்தில் ஷெர்மன் ஜேம்ஸ் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளர், வாய்ப்பும் வசதியும் மறுக்கப்பட்ட சூழலில் ஓயாத பெருமுயற்சியால் மட்டும் சமாளிக்க முனையும் வாழ்க்கை முறைக்கு 'ஜான் ஹென்றிஇசம்' என்று பெயரிட்டார். வட கரோலினாவின் கறுப்பின மக்களிடையே அவர் நடத்திய ஆய்வுகளில், அத்தகைய முயற்சி மிகுதியாகவும் கல்வியோ வசதியோ குறைவாகவும் இருந்தவர்களிடம் உயர் ரத்த அழுத்தம் கூடுதலாகக் காணப்பட்டது. வசதி இருந்தவர்களிடம் அதே அளவு முயற்சி அந்தக் கேட்டை விளைவிக்கவில்லை. பிற்கால ஆய்வுகளில் சில இம்முடிவோடு ஒத்துப்போயின, சில ஒத்துப்போகவில்லை. ஆயினும் அவர் கருத்தின் அமைப்பு கவனத்துக்குரியது: உழைப்பு தன்னளவில் கொல்வதில்லை, வளம் மறுக்கப்பட்டவர்மேல் உழைப்பை மட்டுமே வழியாகச் சுமத்தும் ஏற்பாடு கொல்லக்கூடும். இதில் இயந்திரம் எங்கும் வரவில்லை என்பதும், அப்படியிருந்தும் ஜான் ஹென்றியின் பெயரே மிகப் பொருத்தமாக அமைந்தது என்பதும் கருதத்தக்கவை.

நாட்டார் கதை யாருக்கும் தனிச்சொத்தன்று, காலந்தோறும் புதுப்பொருள் பெறுவதே அதன் இயல்பு, எனவே இன்று அது இயந்திரத்தைப் பற்றிய கதையாகிவிட்டால் அதுவும் அதன் வாழ்வே என்று ஒரு மறுமொழி எழலாம். புதுப்பொருளுக்கான உரிமையை எவரும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பொருள் புதியதாக இருப்பது வேறு, குற்றவாளியை விடுவிப்பது வேறு. 'இயந்திரம் கொன்றது' என்று சொன்ன கணமே, கைதியை வாடகைக்கு விட்ட அரசும், வாங்கிய நிறுவனமும், தண்ணீர் பாய்ச்ச மறுத்த மேலாளரும் கதையிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். எஞ்சுவது யாரையும் பொறுப்பாக்க முடியாத 'முன்னேற்றம்' என்ற ஒன்று. முன்னேற்றத்தை யாரும் நீதிமன்றத்தில் நிறுத்த முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவரை நிறுத்த முடியும். பொதுவாசிப்பின் வசதியும் அதன் கேடும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கின்றன.

ஆகவே தானியங்கி முறையையும் செயற்கை நுண்ணறிவையும் பற்றிய இன்றைய விவாதங்களில் ஜான் ஹென்றியின் பெயரை எடுப்பவர்கள், அவரை 'மாற்றத்தை ஏற்க மறுத்த நல்ல மனிதர்' என்று இரங்கி ஒதுக்குவதை நிறுத்த வேண்டும். கருவியை யார் கொண்டுவருகிறார், அதனால் மிஞ்சும் பொருள் யாருக்குச் சேர்கிறது, அதன் அருகில் நின்று வேலை செய்பவர் மறுத்து வெளியேற முடியுமா, அவர் நுரையீரலுக்கும் இதயத்துக்கும் யார் பொறுப்பு என்பவையே அவர் கதை கேட்கும் கேள்விகள். சம்மட்டியோடு பாடியவர்கள் அக்கேள்விகளைக் கேப்டனை நோக்கியே கேட்டார்கள். அவர்கள் பாட்டை ஏற்றுக்கொண்டு அவர்கள் கேள்வியை மட்டும் இயந்திரத்தின் பக்கம் திருப்பிவிடுவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஜான் ஹென்றியை நினைவுகூர விரும்புகிறவர்கள் முதலில் திருத்த வேண்டியதும் அதுவே.